இரண்டு விரல் இடைவெளி

மே 28 — 12.00
ஜூன் 3 — 4.50
ஜூன் 19 — 31.00
ஜூலை 7 — 2.25
ஆகஸ்ட் 11 — 18.00
செப்டம்பர் 2 — 0.00

ஒரு மனிதன் மேல் சேறு படாமல் இருப்பதற்காக ஒரே மழைக்காலத்தில் செலவானவை இவை. கூட்டினால் 67.75. கடைசி வரியில் உள்ள பூஜ்யம் கைதவறி விழுந்ததல்ல. அன்றும் வேலை நடந்தது. கடையில் வெட்டியெறிந்த துண்டிலேயே செய்ததால் காசு மட்டும் ஆகவில்லை.

அந்த மனிதனை எங்கள் தெருவில் எல்லோரும் வாத்து என்றுதான் கூப்பிட்டார்கள். வாத்து தண்ணீரில் கிடந்தாலும் அதன் மேல் தண்ணீர் ஒட்டாது. அவன் மலையிலிருந்து சைக்கிளில் இறங்கி வரும்போது தெருவே சேறாக இருக்கும், அவன் முகம் மட்டும் கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருக்கும். பெயர் வைத்தவர் எதிர்க்கடை முடிதிருத்துபவர். பெயர் வைத்ததோடு விடாமல், அவன் கடந்து போகும்போதெல்லாம் கடைக்குள்ளிருந்து வாத்து போலவே குரல் கொடுப்பார். முகத்தில் பாதி சோப்போடு நாற்காலியில் இருப்பவர் சிரித்துக் குலுங்கி, கத்திக்குப் பயந்து, வாத்தைத் திட்டுவதா முடிதிருத்துபவரைத் திட்டுவதா என்று தெரியாமல் விழிப்பார்.

அவனுக்கு வேலை குடிநீர் அலுவலகத்தில். மலைமேல் இருக்கும் பெரிய தொட்டியிலிருந்து ஊருக்கு இறங்கும் இரும்புக் குழாய் பதினொரு கிலோமீட்டர் நீளம். அதையொட்டி ஒரு ஒற்றையடிப் பாதை. அதில் மோட்டார் வண்டி போகாது, நடந்துபோனால் ஒரு நாள் போதாது. அதனால் குழாய் பார்க்கும் ஆளுக்கு அலுவலகம் சைக்கிள் கொடுத்திருந்தது. காலையில் தள்ளிக்கொண்டும் மிதித்துக்கொண்டும் மேலே போவான். எங்கே கசிகிறது, எங்கே மண் சரிந்து குழாய் அந்தரத்தில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே மாலையில் இறங்குவான். வழியில் எண் போட்ட கற்கள் உண்டு. ஒவ்வொரு கல்லிலும் நின்று ஸ்பேனரால் குழாயை மூன்று தட்டுத் தட்டுவான். அந்தச் சத்தம் இரும்பு வழியே ஓடி, கீழே வால்வு அறையில் இருப்பவருக்குக் கேட்கும். ஆள் பத்திரமாக இந்தக் கல்வரை வந்துவிட்டான் என்பது அதன் பொருள்.

நான் அதே அலுவலகத்தின் ஸ்டோரில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். அவனும் அவன் அக்காவும் கீழ்வீட்டில் இரண்டு அறைகளில் இருந்தார்கள். நான் மாடியில். அந்தக் காலத்தில் கைப்பேசி கிடையாது. தெருவில் ஒரு தொலைபேசியும் கிடையாது.

அக்கா என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர். ஆனாலும் தெருவே அப்படித்தான் அழைத்தது, நானும் அப்படியே எழுதுகிறேன். தார்ப்பாய்க் கடையில் லாரிகளுக்கு மூடுபாய் தைப்பது அவர் தொழில். உள்ளங்கையில் தோல் பட்டை கட்டிக்கொண்டு, விரல் நீள ஊசியை அந்தப் பட்டையால் அழுத்தித் தைப்பார். தம்பியைவிட ஒன்பது வயது மூத்தவர். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்விட, அவனை வளர்த்தது அவர்தான். தனக்கென்று எதையும் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், "இவன ஒருத்தன வச்சு மேய்க்கவே நேரம் போதல, இன்னொருத்தன எங்க கட்டிப் போடறது?" என்பார்.

வாத்துக்கு இடது கண்ணில் பார்வை கிடையாது. எட்டு வருடங்களுக்கு முன் ஒரு மழைநாளில், பழைய சைக்கிளின் முன் மட்கார்டு துருப்பிடித்துக் கழன்று போயிருந்தது. இறக்கத்தில் வரும்போது முன்சக்கரம் வாரியடித்த சேறு கண்ணில் விழுந்தது. சட்டையால் துடைத்துவிட்டு வேலையை முடித்து வந்தான். மூன்றாம் நாள் கண் வீங்கிச் சிவந்தது. பிறகு கருவிழியில் வெள்ளை படர்ந்து, முட்டை ஓடு மாதிரி ஆகிவிட்டது.

அப்போது கண் மருத்துவர் அக்காவிடம் சொன்னது: "அது வெறும் மண்ணு இல்லம்மா. மாடு நடந்து, மாடு போட்ட சேறு. அதுல என்ன இருக்குன்னு கேக்காதீங்க, என்ன இல்லன்னு கேளுங்க. இருக்கிற ஒரு கண்ணுல இது படக் கூடாது. அவ்வளவுதான் நான் சொல்வேன்."

அவ்வளவுதான் அவர் சொன்னார். அக்கா அதன் பிறகு மழையை வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தார்.

பழைய சைக்கிளுக்கு இரும்பு மட்கார்டு வாங்கிப் பூட்டி, எட்டு வருடம் ஓடியது. அந்த வருடம் மே மாதத்தில் அலுவலகம் புதிய சைக்கிள் கொடுத்தது. மலைப்பாதைக்கென்றே செய்தது, முன்னால் ஸ்பிரிங் வைத்தது, டயர் முழுவதும் கட்டைவிரல் மொத்தத்தில் பற்கள். பார்க்க ஜோராக இருந்தது. மட்கார்டு மட்டும் இல்லை.

"என்னடா இது, இவ்வளவு விலை போட்டு வாங்கியிருக்காங்க, முக்கியமானத மறந்துட்டாங்களே?" என்றார் அக்கா.

"மறக்கலக்கா. இதுக்கு மட்கார்டு கிடையாதாம். சேறு படறதுக்காகவே இத ஓட்டறவங்க இருக்காங்களாம். ஞாயித்துக்கெழம ஆனா காசு குடுத்து மலைக்குப் போய் அப்பிக்கிட்டு வருவாங்களாம்."

"அவங்களுக்கு ரெண்டு கண்ணு இருக்கும்" என்றார் அக்கா.

மே 28ஆம் தேதி பழைய சாமான் கடைக்காரரிடம் ஒரு நீல பிளாஸ்டிக் பீப்பாய் வாங்கினார்கள். அதுதான் 12.00. பீப்பாயின் வளைவும் சக்கரத்தின் வளைவும் ஏறத்தாழ ஒன்று. அதை வெட்டி முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. ஜூன் 3ஆம் தேதி கட்டுவதற்குக் கேபிள் டை, இழுத்தால் இறுகும் பிளாஸ்டிக் பட்டை. நான் அந்தச் செலவுகளைக் குறித்து வைத்ததற்குக் காரணம் வாத்துதான். "ஸ்டோர் சார், எழுதி வைங்க. ஆபீஸ் ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் குடுத்துதானே ஆகணும்" என்றான். நான் அலுவலகத்தில் விசாரித்தேன். சைக்கிள் பழுதுக்குச் செலவுக் கணக்கில் தலைப்பு உண்டு. சேற்றுக்குத் தலைப்பு இல்லை. ஆனாலும் தொடர்ந்து எழுதினேன்.

மட்கார்டு கட்டிய மாலை நான் கூடவே இருந்தேன். அக்கா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்துக்கு மேல் பிளாஸ்டிக்கைப் பிடித்தார். வாத்து குனிந்து, டயருக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் இரண்டு விரலைச் சேர்த்து நுழைத்துப் பார்த்தான்.

"இன்னும் தூக்குக்கா. ரெண்டு விரல் தாராளமா போகணும்."

"எதுக்குடா அவ்வளவு சந்து? அந்தச் சந்து வழியாத்தானே தெறிக்கும்."

"தெறிக்கிறது மழ பெய்யற அன்னிக்கு. அன்னிக்கு சேறு மோர் மாதிரி, பறக்கும். மறுநாள் வெயில் அடிச்சா மாவு மாதிரி ஆயிடும். பறக்காது, ஒட்டும். டயர் அத அள்ளிக்கிட்டுப் போய் மட்கார்டுக்குள்ள அடைக்கும். இடம் இல்லேன்னா சக்கரம் சுத்தாது. நின்னுடும்."

"நின்னா என்ன? இறங்கித் தள்ளிக்கிட்டு வா."

"ஏறும்போது நின்னா இறங்கலாம். இறங்கும்போது நின்னா?" அவன் கையைக் கரணமடிப்பது போலச் சுழற்றிக் காட்டிச் சிரித்தான்.

எதிர்க்கடையிலிருந்து வாத்துக் குரல் கேட்டது.

"நீ வேற சும்மா இருய்யா" என்று அக்கா அங்கே பார்த்துச் சத்தம் போட்டுவிட்டு, பிளாஸ்டிக்கை உயர்த்திக் கட்டினார். முன் மட்கார்டைச் சக்கரத்துக்கு முன்பக்கமும் ஒரு சாண் நீட்டச் சொன்னான். சேறு நேராக முகத்துக்கு வருவதில்லை. சக்கரம் அதை முன்னால் வீசும், நாம் வேகமாகப் போய் நாமே அதில் முகத்தைக் கொடுப்போம் என்று விளக்கினான். எனக்கு அது அன்றுதான் தெரிந்தது.

அந்த மழைக்காலத்தில் அவன் புறப்படுவது பார்க்கத் தகுந்த காட்சி. அக்கா தைத்த தார்ப்பாய்க் கால்சட்டை, கணுக்காலில் டியூப் ரப்பர் வளையம். காலுறைக்கு மேல் பிளாஸ்டிக் பை, அதன் மேல் செருப்பல்ல, பூட்ஸ். ஆசனத்துக்குக் கீழே ஒரு தார்ப்பாய் வால். இல்லாவிட்டால் பின்சக்கரம் முதுகில் கோடு இழுத்துவிடும். தண்ணீர் பாட்டிலின் வாய்க்கு ஒரு துணிப்பை, சேறு பட்ட வாயில் குடித்தால் வயிறு போகும் என்பதால். ஜூலை 7ஆம் தேதியின் 2.25 மெழுகுவர்த்திக்கு. மட்கார்டின் உட்புறம் மெழுகு தேய்த்தால் சேறு ஓரளவு வழுக்கி விழும்.

"கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு அலங்காரம் இல்லய்யா" என்பார் முடிதிருத்துபவர்.

"பொண்ணு மேல நிக்குது அண்ணே. அது பேரு தண்ணித் தொட்டி" என்பான் இவன்.

அவனுக்கு ஒரு பெண் பார்த்து, கண் வெளுத்ததும் அந்த இடம் விலகிப்போனது தெருவுக்குத் தெரியும். அதனால் இந்தப் பதிலுக்கு யாரும் ரொம்ப நேரம் சிரிப்பதில்லை.

ஜூன் 19ஆம் தேதி 31.00 கொடுத்துக் கண்ணாடி வாங்கினார்கள், கண்ணை முழுவதும் மூடும் வகை. பட்டியலில் பெரிய தொகை அதுதான், வீணானதும் அதுதான். மழையில் ஏறும்போது மூச்சும் வேர்வையும் சேர்ந்து கண்ணாடி உள்ளே பனிபோல மூடிக்கொள்ளும். இரண்டு கண் உள்ளவன் ஏதோ சமாளிப்பான். இவனுக்கு அது இருட்டு. "அக்கா, கண்ணக் காப்பாத்தறேன்னு கண்ணக் கட்டி விடறியே" என்றான். மேலே போகும்போது நெற்றிக்கு ஏற்றிவிடுவான், கீழே வரும்போதும் இறக்குவதில்லை. அக்காவுக்கு அது தெரியும். ஆகவே எல்லாப் பாரமும் அந்த நீலப் பிளாஸ்டிக்கின் மேல்தான் இருந்தது.

மழையை அளக்க மாடியில் ஒரு மழைமானி வைத்திருந்தேன், ஆகஸ்ட் 10ஆம் தேதி அதில் 63 மில்லிமீட்டர். அன்று மாலை அவன் வந்தபோது முடிதிருத்துபவர் குரல் கொடுக்கவில்லை. வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, சைக்கிளைச் சுவரோரம் உரசித் தள்ளிக்கொண்டு வந்தான். ஒரு சொட்டு பக்கவாட்டில் புகுந்துவிட்டது.

அக்கா அவனை வாசலிலேயே உட்காரவைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, ஆறவைத்த தண்ணீரைக் குவளை குவளையாகக் கண்ணில் ஊற்றினார். கண்ணைவிடச் சட்டையில்தான் அதிகம் விழுந்தது. விரல் நீள ஊசியைக் குறி தப்பாமல் குத்தும் கை அது.

"தெரியுதாடா? என் மூஞ்சி தெரியுதா?"

"தெரியுது. அழுமூஞ்சியாத் தெரியுது."

"நான் அழல. தண்ணி தெறிச்சுது."

மறுநாள் மருத்துவர் பார்த்து, சொட்டுமருந்து எழுதினார். அதுதான் 18.00. ஒன்பது நாளில் சிவப்பு போயிற்று. ஆனால் மருத்துவர் இந்த முறை அக்காவிடம் சொல்லவில்லை, அவனிடம் சொன்னார்: "உனக்கு இது தப்பிச்ச தடவை. இன்னொரு தடவை இப்படித் தப்பிக்கும்னு நெனைக்காத."

அலுவலகத்துப் பொறியாளர் நல்ல மனிதர். மீட்டர் கணக்கெடுக்கும் பிரிவில் மேசை வேலை தருகிறேன், சம்பளம் குறையாது என்றார். அக்கா அன்று ஒரு வாரத்துக்குப் பிறகு முதல்முறையாக வயிறாரச் சாப்பிட்டார். வாத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தான்.

நான் மாடிப்படியில் நின்றிருந்தேன். கீழ்வீட்டுக் கதவு திறந்தே இருந்தது.

"ஏன்டா? ஏன்? ஒரு காரணம் சொல்லு."

"இருக்கிறது ஒரு கண்ணுக்கா. அதுக்கு நாள் பூரா மீட்டர் நம்பரையா காட்டச் சொல்ற? ஏழாம் கல்லு கிட்ட நின்னு பாத்தா மேகம் நமக்குக் கீழ இருக்கும். நீ ஒருநாள் வந்து பாரு, அப்புறம் பேசு."

"எனக்கு மேகம் வேணாம். எனக்கு நீ வேணும்."

"சரி, நீ என்ன கட்டச் சொன்னாலும் கட்டிக்கிறேன். மலைய மட்டும் விடச் சொல்லாத" என்றான்.

அந்த வார்த்தையை அக்கா பிடித்துக்கொண்டார்.

செப்டம்பர் 2ஆம் தேதி. கடையில் வெட்டி மிஞ்சிய தார்ப்பாய்த் துண்டுகளை அவர் மதியமே கொண்டுவந்துவிட்டார். முன் மட்கார்டின் இரண்டு பக்கமும் திரைபோலத் தொங்கவிட்டுத் தைத்தார். பிறகு கேபிள் டைகளை வெட்டி, பிளாஸ்டிக்கைக் கீழே இறக்கினார். டயரின் பற்களுக்கும் அதற்கும் நடுவில் என் சுண்டுவிரல் நகம் போகும், விரல் போகாது.

வாத்து வந்து பார்த்தான். வழக்கம்போல இரண்டு விரலைச் சேர்த்துக் கொண்டுபோனான். நுழையவில்லை. ஒரு விரலை வைத்தான். அதுவும் நுழையவில்லை. விரலை மடக்கிக்கொண்டான்.

அக்கா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படியிருக்கு? இனி ஒரு பொட்டுகூட வராது பாரு."

"பொட்டு என்னக்கா, காத்துகூட வராது" என்றான். "ராஜா பல்லக்கு மாதிரி திரையெல்லாம் போட்டுட்ட."

"சந்து கம்மியா இருக்குன்னு சொல்லப்போற."

"நான் எங்க சொன்னேன்? ஒரு குச்சி எடுத்துட்டுப் போறேன். அடைச்சா குத்தி விட்டுக்கிறேன். நல்லாத்தான் இருக்கு."

அவனுக்கு எல்லாம் தெரியும். மோரும் மாவும் அவன் சொன்ன பாடம்தான். மூன்று வாரமாகச் சரியாகத் தூங்காத அக்காவின் முகத்தை வைத்துக்கொண்டு அதை இன்னொரு முறை சொல்ல அவனால் முடியவில்லை. அவ்வளவுதான். அவன் வாழ்க்கையைப் பற்றி யார் என்னைக் கேட்டாலும் இந்த இடத்தைத்தான் சொல்வேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் மனம் சங்கடப்படும் என்று விட்டுவிட்டான்.

அன்று மாலையும் இரவும் மழை, 38 மில்லிமீட்டர். மறுநாள் 3ஆம் தேதி பளிச்சென்று வெயில். தெருவில் துணி காயப்போட்டார்கள். வெயிலைப் பார்த்து அக்காவுக்கு நிம்மதி. "இன்னிக்கு ஒண்ணும் தெறிக்காது" என்று அவனை அனுப்பிவிட்டுக் கடைக்குப் போனார்.

அன்று நடந்ததை எனக்குச் சொன்னவர் வால்வுக்காரர். மாலையில் பத்தாம் கல்லிலிருந்து மூன்று தட்டு. நெடுநேரம் கழித்து ஒன்பதாம் கல். பிறகு எட்டாம் கல் இன்னும் தாமதம். "என்னடா இவன் நத்த மாதிரி வர்றான்னு நெனச்சேன்" என்றார். அவன் நின்று நின்று குச்சியால் குத்திக்கொண்டு வந்திருக்கிறான். எட்டுக்குப் பிறகு ஏழு கேட்கவே இல்லை. குழாயில் காதை வைத்துக் காத்திருந்துவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு அவர் ஏறினார்.

ஏழாம் கல்லுக்கு மேலே, செங்குத்தான இறக்கத்தில் முன்சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. சைக்கிள் தலைக்கு மேல் கரணமடித்து அவனைக் கீழ்ப்பக்கத்து வாய்க்காலில் போட்டது. இடுப்பெலும்பு உடைந்துவிட்டதால் புரள முடியவில்லை. குழாய் மேல்பக்கம், கைக்கு எட்டாத இடத்தில். கன்னம் சேற்றில் பதிந்த நிலையில், வால்வுக்காரர் வரும்வரை அப்படியே கிடந்தான். பதிந்தது வலது பக்கம்.

தூக்கிக்கொண்டு இறங்கும்போது அவன் கேட்டது ஒன்றே ஒன்று. "அண்ணே, சைக்கிள் அங்கயே கெடக்கட்டும். அக்கா கண்ணுல மட்டும் காட்டாதீங்க."

வால்வுக்காரர் வெள்ளை மனசுக்காரர். உடைந்த சைக்கிளைப் பார்த்தால் அக்கா பயப்படுவார் என்று சொல்கிறான் போலும், ஆனால் அலுவலகச் சொத்தை மலையில் விட்டுவிட முடியுமா என்று நினைத்தார். மறுநாள் போய்த் தோளில் சுமந்து கொண்டுவந்தார். சக்கரம் சுற்றாததால் உருட்ட முடியவில்லையாம். சைக்கிளுக்குப் பெரிய சேதம் ஒன்றும் இல்லை என்ற சந்தோஷத்தில் கீழ்வீட்டு வாசலில் சாத்திவிட்டுப் போனார்.

அக்கா மருத்துவமனையிலிருந்து துணி எடுக்க வந்தார். நான் அவருக்குச் சாவியைக் கொடுக்க இறங்கினேன். சைக்கிளின் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் சேறு காய்ந்து செங்கல்லாகியிருந்தது. தார்ப்பாய்த் திரைகள் அதை வெளியே விழவிடாமல் இரண்டு பக்கமும் அணைத்துப் பிடித்திருந்தன. அவர் அதில் ஒரு விரலை வைத்தார். பிறகு இரண்டு விரலைச் சேர்த்து வைத்தார். நகத்தால் சுரண்டிப் பார்த்தார். கொஞ்சம் தூள்தான் உதிர்ந்தது.

"சார்" என்றார். கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்.

மாலையில் இருவரும் மருத்துவமனைக்குப் போனோம். வாத்துக்கு இரண்டு கண்ணிலும் கட்டு. காலடி ஓசையிலேயே கண்டுபிடித்துவிட்டான்.

"அக்காவா? கல்லுக்கா. எவனோ ஒரு கல்ல நடுப்பாதையில உருட்டி விட்டிருக்கான். நான் கவனிக்கல. ஒரு கண்ணுக்காரன் பாத்து வர வேணாமா?"

அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவன் காலில் ஒட்டியிருந்த சேற்றை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆமாடா" என்றார். "அந்தக் கல்ல எடுத்துப்போடச் சொல்லணும். நாளைக்கு வேற யாராச்சும் விழுந்துட்டா?"

"மட்கார்டு நல்லாத்தான் வேலை செஞ்சுது. ஒரு பொட்டு வரல."

"அப்படியா? சரி."

வால்வுக்காரர் இதைக் கேட்டு, அந்தக் கல்லைத் தேடி இரண்டு முறை மலைக்குப் போய்வந்தார். கல்லே இல்லை என்று எங்களிடம் வந்து ஆச்சரியப்பட்டார். "உருண்டு போயிருக்கும்ணே" என்றார் அக்கா.

இடுப்பெலும்பு கூடத் தொடங்கியது. கண் கூடவில்லை. எட்டு வருடத்துக்கு முன் இடதில் படர்ந்த அதே வெள்ளை வலதிலும் படர ஆரம்பித்தது. பெருநகரத்துக் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ரயிலில் ஒரு பகல், ஒரு இரவு. இறந்தவர் கண்ணிலிருந்து எடுத்த கருவிழியை வைத்துத் தைப்பார்கள், ஆனால் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும், தைத்தாலும் பிடிக்கும் என்று உறுதியில்லை என்றார்கள். அக்கா மூன்று வாரம் கூட இருந்தார். அதற்குமேல் கடை முதலாளி வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்றதால் திரும்பி வந்தார்.

கிளம்பும்போது அவன் சொல்லி அனுப்பியது: "இப்போதைக்கு நர்சம்மாகிட்ட சொல்லி லெட்டர் போடறேன். பார்வை வந்துச்சுன்னா நானே என் கையால எழுதுவேன். நீ உள்ள பிரிச்சுப் படிக்கக்கூட வேணாம், கவர் மேல கையெழுத்தப் பாத்தாப் போதும்."

வாசல் சுவரில் அந்தச் சைக்கிள் சாத்தியபடியே இருந்தது. அலுவலகத்திலிருந்து எடுத்துப்போக ஆள் வந்தபோது, அக்கா அதன் மட்கார்டைக் கழற்றி வைத்துக்கொண்டார். அலுவலகச் சொத்தில்லை என்பதால் அவர்கள் கேட்கவில்லை. அடைந்த சேற்றை அவர் உடைக்கவும் இல்லை, கழுவவும் இல்லை. தன் கட்டிலுக்கு அடியில் வைத்தார். எதற்கம்மா என்று கேட்டேன். "இருக்கட்டும் சார்" என்றார்.

முதல் கடிதம் வந்தது. நர்சின் கையெழுத்து, வட்ட வட்டமாக அழகானது. கருவிழி இன்னும் கிடைக்கவில்லை, சாப்பாட்டில் உப்பு இல்லை, பக்கத்துக் கட்டில்காரர் குறட்டையில் சன்னல் ஆடுகிறது என்று எழுதியிருந்தது. இரண்டாவது கடிதமும் அதே வட்டக் கையெழுத்து. கருவிழி கிடைத்துத் தைத்தாகிவிட்டது, கட்டுப் பிரிக்கும் நாளுக்குக் காத்திருக்கிறேன். அதன் பிறகு தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே அக்கா வாசலுக்கு வந்துவிடுவார். முடிதிருத்துபவரும் கத்தியை அந்தரத்தில் நிறுத்திவிட்டுப் பார்ப்பார். சில நாட்கள் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும்போது தபால்காரர் தலையைக் குனிந்துகொள்வார்.

மூன்றாவது கடிதத்தைத் தபால்காரர் கையை உயர்த்தி ஆட்டிக்கொண்டே கொண்டுவந்தார். கவர் மேல் வாத்தின் கையெழுத்து. முகவரி கொஞ்சம் மேலேறிச் சாய்ந்திருந்தது, ஆனால் அவனுடையதுதான். அக்கா கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். எதிர்க்கடையிலிருந்து, இரண்டு மாதத்துக்குப் பிறகு, வாத்துக் குரல் கேட்டது.

உள்ளே ஒரே தாள். அக்கா பிரித்தார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"அக்காவுக்கு, சொன்னபடி நானே எழுதுகிறேன். எல்லாம் நன்றாகத் தெரிகிறது. நர்சம்மா மூக்கில் மூக்குத்தி இருப்பதுகூட இப்போதுதான் தெரிந்தது. கீழே தெருவில் பஸ் போகிறது, அதன் நிறம் சிவப்பு. நீ அங்கிருந்து அலைய வேண்டாம். நான் தனியாகவே ரயில் ஏறி"

அதோடு நின்றுவிட்டது. மீதித் தாள் வெள்ளை.

அக்கா தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் வெள்ளை. மறுபடி முன்பக்கம் திருப்பி, விரல் நுனியால் தடவினார். தடவிக்கொண்டே போனவர் கை நின்றது. வாசலுக்குப் போய்த் தாளை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தார். அப்போது எனக்கும் தெரிந்தது. தாளின் அடிவரை எழுத்து இருந்தது. பேனாவில் மை தீர்ந்துபோயிருக்கிறது. அது தெரியாமல் அவன் கடைசிவரை அழுத்தி அழுத்தி எழுதிக்கொண்டே போயிருக்கிறான்.

அக்கா அந்தப் பள்ளங்களை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தார். "நான் தனியாகவே ரயில் ஏறி வந்துவிடுவேன். ஸ்டோர் சாரைக் கேட்டதாகச் சொல். அந்தக் கல்லை வால்வு அண்ணன் எடுத்துப்போட்டாரா? இல்லாவிட்டால் நான் வந்து எடுத்துக்கொள்கிறேன். அது கல்தான் அக்கா. வேறொன்றும் இல்லை."

தபால்காரர் நல்ல செய்தியா என்று கேட்டுக்கொண்டு இன்னும் படியிலேயே நின்றிருந்தார்.

"நல்ல செய்திதான்" என்றார் அக்கா. "பார்வை வந்துடுச்சாம். தனியா வந்துடுவானாம்."

தபால்காரர் போனதும் உள்ளே போனார். தோல் பட்டையைக் கையிலிருந்து அவிழ்த்து ஆணியில் மாட்டினார். ஒரு பையில் அவனுடைய சட்டை இரண்டு, தன்னுடைய புடவை ஒன்று எடுத்துவைத்தார். கட்டிலுக்கு அடியிலிருந்து அந்த நீலப் பிளாஸ்டிக்கை இழுத்து, பின்பக்கக் குழாயடியில் வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டார். சேறு கரையக் கொஞ்ச நேரம் எடுத்தது. முழுவதும் கரைந்து ஓடும்வரை அங்கேயே குந்தியிருந்தார்.

"சாயங்கால ரயிலுக்குப் போறேன் சார். சாவி உங்ககிட்ட இருக்கட்டும்" என்றார். "மை தீர்ந்தது அவனுக்குத் தெரிய வேணாம். அவன்கிட்ட லெட்டர் முழுசாப் படிச்சேன்னுதான் சொல்லப்போறேன். நீங்களும் அப்படியே சொல்லுங்க."

கடிதம் வந்த நாள் நவம்பர் 19.